பத்தாவது கூடை: மலையிலிருந்து வரும் திகில் கதைகளுக்குக் கைகொடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேயிலைத் தோட்டத்தில் மூடுபனி இறங்கியிருக்கிறது. நிரையில் ஒன்பது பெண்கள் கொழுந்து பறிக்கிறார்கள். பக்கத்தில் நிற்பவர் முகம்கூடத் தெரியவில்லை, இலை கிள்ளும் சத்தம் மட்டும் கேட்கிறது. எடை போடும் இடத்தில் கூடைகளை இறக்கி வைக்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் பத்துக் கூடை.

கோத்தகிரிப் பக்கம் லைன் வீட்டில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில்) வளர்ந்த ஒரு பெண் இந்தக் காட்சியோடு உங்களிடம் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் திரைப்படச் சங்கம் நடத்துபவராக இருக்கலாம், கல்லூரியில் காட்சித் தொடர்பியல் நடத்துபவராகவோ கொஞ்சம் பணத்தோடு வரும் சிறு தயாரிப்பாளராகவோ இருக்கலாம். உதவ வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் முதல் கேள்வி, “அந்தப் பத்தாவது ஆள் யார்?” அங்கேயே கதை சாயத் தொடங்கிவிடும். அடுத்த சந்திப்பில் பத்தாவது ஆளுக்கு ஒரு முன்கதை வரும். அதற்கடுத்த சந்திப்பில் அந்த முன்கதைக்குள் ஒரு வெள்ளைக்காரத் துரை, ஒரு பங்களா, தூக்கில் தொங்கிய ஒரு பெண் எல்லாம் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். நூறு முறை பார்த்த படம் நூற்றியோராவது முறையாகத் தயாராகிவிடும்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. பத்தாவது கூடையின் எடைக்குக் கூலி யார் பெயரில் ஏறும்? மேஸ்திரி அதைப் பார்த்தும் பேசாமல் ஏன் எழுதிக்கொள்கிறார்? அடுத்த நாள் நிரையில் எட்டுப் பேர்தான் வந்தால் கூடை எத்தனை இருக்கும்? இவை பேயைப் பற்றிய கேள்விகளே இல்லை. ஆனால் பயம் இவற்றில்தான் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்குப் பதில் தெரிந்த கேள்விகளும் இவைதான். திகில் கதைக்குக் கருத்து சொல்லும்போது ஓர் ஒழுங்கு வையுங்கள்: முதல் இரண்டு சந்திப்புகளில் கேள்வி மட்டும், யோசனை கிடையாது. எழுதியவர் தன் உலகத்தின் விதியை, அதாவது அந்த அமானுஷ்யம் எதைச் செய்யும், எதைச் செய்யாது, யாருக்கு மட்டும் தெரியும் என்பதை, ஒரு பக்கத்தில் எழுதி முடித்த பிறகே யோசனை சொல்லத் தொடங்குங்கள். அந்த ஒரு பக்கம் படத்தில் வரத் தேவையில்லை. எழுதியவர் கையில் இருந்தால் போதும்.

இதைவிடப் பெரிய தவறு, பயத்தை யார் முதுகில் ஏற்றுகிறோம் என்று பார்க்காமல் விடுவது. மலையைப் பற்றிய திகில் கதை என்றாலே மந்திரம் தெரிந்த பழங்குடிக் கிழவர் ஒருவர் வந்துவிடுகிறார். நீலகிரியில் இது வெறும் கற்பனையாக இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டில் குறும்பர்கள் சூனியம் வைக்கிறார்கள் என்ற பழிச்சொல்லால் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். ஆங்கிலேயர் கால ஆவணங்களில் அது பதிவாகியிருக்கிறது. அந்தக் கிழவரை மறுபடி திரைக்கதையில் வைப்பவர் எந்த வரலாற்றைத் தொடுகிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு குறும்பர் இளைஞர் அதே வரலாற்றைத் திகில் படமாக எழுத வந்தால், அங்கே பயப்படுகிறவர் யார், பயமுறுத்துகிறவர் யார் என்பதே தலைகீழாகிவிடும். நள்ளிரவில் தீப்பந்தத்தோடு வரும் ஊர்க்கூட்டம்தான் அந்தக் கதையில் பூதம். இந்தத் திருப்பம் வெளியிலிருந்து வரும் எழுத்தாளருக்குக் கிட்டாது. அதற்காகவே அந்த இளைஞருக்குக் கை கொடுக்கிறோம்.

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு பழங்குடிகள், படுகர், சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்த தாயகம் திரும்பியோர், கூடலூர்ப் பக்கத்து மலையாளக் குடும்பங்கள் என மலையில் இருப்பவர்கள் ஒரே ‘மலைவாழ் மக்கள்’ இல்லை. ஒருவருக்குத் தெய்வமாக இருப்பது இன்னொருவர் கதையில் பேயாகிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. தெய்வம், ஈமச்சடங்கு, மூதாதையர் கல் எதையாவது கதை தொட்டால், எழுதியவர் அதே சமூகத்தவராக இருந்தாலும் ஊர்ப் பெரியவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். படப்பிடிப்புக்கு முதல் நாள் கேட்பது அனுமதி கேட்பதாகாது. திரைக்கதையின் முதல் வடிவம் முடிந்ததும் கேளுங்கள். அப்போதுதான் ‘வேண்டாம்’ என்றால் மாற்ற இடம் இருக்கும்.

வலியைக் கேட்டு வாங்குவதும் இதே வகைத் தவறுதான். “உங்கள் சமூகத்தின் துயரத்தை இதில் கொண்டுவாருங்கள்” என்று சொன்னால், எதிரே இருப்பவருக்கு அது நிபந்தனையாகவே கேட்கும். அவருக்குச் சும்மா ஒரு நல்ல ரத்தக்காட்டேரிப் படம் எடுக்க ஆசை இருக்கலாம். அதற்கும் அவருக்கு முழு உரிமை உண்டு.

விண்ணப்பத்திலேயே பலர் உதிர்ந்துவிடுகிறார்கள். ஆங்கிலப் படிவம், ஒருவரிக் கதை, இயக்குநர் குறிப்பு, இதற்குமுன் எடுத்த படங்களின் இணைப்பு என்று கேட்டால், கதை சொல்லத் தெரிந்தவர்கள் விலகி, படிவம் நிரப்பத் தெரிந்தவர்கள் உள்ளே வருவார்கள். ஐந்து நிமிடக் குரல்பதிவை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்ளுங்கள். படுகு, இருளம், மலையாளம் எதில் பேசினாலும் சரி, மொழிபெயர்க்கும் செலவு உங்களுடையது. திகில் கதைக்கு இது இன்னும் பொருந்தும். வாயால் சொல்லும்போது கேட்பவர் மூச்சு எங்கே நிற்கிறது என்பது பதிவிலேயே தெரிந்துவிடும்.

இனி பணம். எல்லோரும் கேமராவில் தொடங்குகிறார்கள். கேமரா கண்ணுக்குத் தெரிகிறது, எழுதும் நேரம் தெரிவதில்லை. கேரள அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் பெண் இயக்குநர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கும் படம் ஒன்றுக்கு 1.5 கோடி ரூபாய் வரை தரும் திட்டம் நடத்துகிறது. அந்த அளவு நம்மிடம் இல்லை. ரூ.3 லட்சம்தான் இருக்கிறது என்றால் இப்படிப் பிரிக்கச் சொல்வோம்: எழுதுபவருக்கு 1,20,000; மூன்று நிமிட மாதிரிக் காட்சி ஒன்றை எடுக்க 60,000; ஒலிக்கு 45,000; மொழிபெயர்ப்புக்கும் வழக்கறிஞருக்கும் 30,000; பயணத்துக்கும் ஊர்த் திரையிடலுக்கும் 45,000. கூலி வேலைக்குப் போகிறவர் வாரம் இரண்டு நாள் எழுத உட்கார்ந்தால் 16 வாரத்தில் 32 நாள் கூலி போய்விடும். அதை முதலில் ஈடுகட்டாமல் ‘ஆர்வம் இருந்தால் எழுதுவார்’ என்று இருப்பது அநியாயம். பணத்தை நான்கு தவணையாகக் கொடுங்கள்: கதைச்சுருக்கம், பத்துப் பக்க விரிவு, முதல் வடிவம், இரண்டாம் வடிவம். ஒவ்வொன்றையும் எழுதித் தந்ததும் பணம் போக வேண்டும். நடுவர்களுக்குப் பிடித்த பிறகு என்று வைத்தால், எழுதுபவர் நடுவரைப் பயமுறுத்துவதை விட்டுவிட்டு அவரைத் திருப்திப்படுத்த ஆரம்பித்துவிடுவார்.

ஊட்டியில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை ‘இந்து’ என்ற பெயரில் நாடு முழுவதற்கும் பிலிம் செய்து அனுப்பியது. இன்று அது மூடிக் கிடக்கிறது. பிலிம் செய்த மலையில், மலைக்காரர்கள் தாங்களே எடுத்த படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. எழுதும் நேரத்துக்குப் பணம் கேட்டு நாங்கள் இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

ஒப்பந்தத்தைப் ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று விடாதீர்கள். திரைக்கதையைத் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்திலோ மும்பையின் திரைக்கதையாளர் சங்கத்திலோ எழுதியவர் பெயரில் பதிவு செய்துவிட்டு, அதற்குப் பிறகே வெளியாட்களுக்கு அனுப்புங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவை இரு தரப்பும் படித்திருப்பது நல்லது. உரிமையை எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்று கொள்ளப்படும். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வேறுவிதமாக எழுதாதவரை, வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும். பத்திரத்தில் ‘உலகம் முழுவதும், என்றென்றைக்கும்’ என்ற வரியைக் கண்டால் கையெழுத்துக்கு முன் நிறுத்துங்கள். பயிற்சிக்கும் சிறு உதவித்தொகைக்கும் பதிலாக உதவுபவர் கதை உரிமையையே எடுத்துக்கொண்டால், அதை உதவி என்று சொல்ல முடியாது.

படம்பிடிக்கும்போது வரும் தவறுகளில் எங்களை அதிகம் உறுத்துவது ஒன்று. இருட்டுக் காட்சியில் கறுப்பு நிற முகங்கள் காணாமல் போகின்றன. ஒளிப்பதிவாளர் வெளிர் நிறத்துக்குப் பழகிய அளவில் வெளிச்சம் வைக்கிறார். பிறகு முகம் தெரியவில்லை என்று முன்பக்கம் ஒரு விளக்கைப் போடுகிறார். பயமும் போய்விடும், முகமும் சாம்பல் பூசியது போலாகிவிடும். விளக்கை நேராக முகத்தில் அடிக்காமல் பக்கவாட்டில் பெரிய வெள்ளைத் தெர்மக்கோலில் பட்டுத் திரும்பச் செய்யுங்கள். கன்னத்திலும் நெற்றியிலும் துளி எண்ணெய் தடவினால் அந்த வெளிச்சம் தோலில் வழுக்கி முகத்தின் வடிவத்தைக் காட்டும். பின்னால் ஒரு மெல்லிய விளிம்பு வெளிச்சம் போதும், பின்னணி எவ்வளவு இருட்டானாலும் ஆள் அதில் கரையமாட்டார். எடுத்ததை அரை வெளிச்சத்தில் வைத்த கைபேசியில் ஓட்டிப் பாருங்கள். தேர்வுக்குழுவும் பெரும்பாலும் பெரிய திரையில் இல்லாமல் மடிக்கணினியில்தான் பார்க்கும்.

மூடுபனியை நம்பி அட்டவணை போடாதீர்கள். தென்மேற்குப் பருவத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது. குன்னூரும் கோத்தகிரியும் வடகிழக்குப் பருவத்தில்தான் நனையும். மூடுபனி பத்து நிமிடத்தில் வந்து பத்து நிமிடத்தில் போகும். அகலக் காட்சியை மூடுபனியிலும் நெருக்கக் காட்சியை வெயிலிலும் எடுத்தால் ஒட்டாது. அது இருக்கும்போது அகலக் காட்சிகளை அள்ளிக்கொள்ளுங்கள். நெருக்கக் காட்சிகளைப் பிறகு புகை இயந்திரத்தால் சரிக்கட்டலாம். குளிரில் கிடந்த கேமராவைச் சூடான அறைக்குள் அப்படியே கொண்டுவந்தால் லென்ஸுக்குள் ஈரம் கோக்கும். வெளியிலேயே காற்றுப் புகாத பையில் போட்டு மூடி, அறைக்குள் வந்து ஒரு மணிநேரம் திறக்காமல் வையுங்கள்.

இரவுக் காட்சியை இரவில்தான் எடுக்க வேண்டும் என்ற பிடிவாதம் இங்கே ஆபத்து. தேயிலைக்குள் காட்டெருமையும் கரடியும் சிறுத்தையும் நடமாடும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் யானை வரும். முதுமலை வழியாகப் பந்திப்பூர் செல்லும் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை வாகனத் தடை வேறு. மேகமூட்டமான மாலையில் வானம் படச்சட்டத்துக்குள் வராமல் வைத்து, கேமராவில் ஒளியளவை (எக்ஸ்போஷர்) ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் குறைத்து, வெண்சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) 3200 கெல்வினில் வைத்தால் நீலம் பாய்ந்த நல்ல இரவு கிடைக்கும். சரணாலயத்துக்குள் எடுப்பதற்கு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவின்படி அனுமதி வேண்டும். வாழிடத்தை மாற்றாமல் எடுப்பதற்கே அது கிடைக்கும். புகை, தீப்பந்தம், டிரோன் எல்லாம் அங்கே கனவு. அந்தக் காட்சிகளைத் திரைக்கதையிலேயே தனியார் தோட்டத்துக்கு மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் (இணையவழி நுழைவுச் சீட்டு) எடுக்க மறக்காதீர்கள்.

பேய்ப் படம் என்றால் குழந்தை இல்லாமல் இருப்பதில்லை. குழந்தை நடித்தால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து மணிநேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணிநேரத்துக்கு மேல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தை பெயரில் வைப்பு நிதியாகப் போட வேண்டும். இது சட்டம். சட்டத்துக்கு மேல் ஒன்று: பயமுறுத்தும் முகப்பூச்சைக் குழந்தையின் கண் முன்னாலேயே போடுங்கள். அது எப்படி உருவாகிறது என்று பார்த்த குழந்தை இரவில் நன்றாகத் தூங்கும்.

ஒலியைக் கடைசியில் பார்ப்பதும் பழைய நோய். ஒவ்வோர் இடத்திலும் எல்லோரும் அசையாமல் நிற்க ஒரு நிமிடம் வெறும் சூழலைப் பதிவு செய்யுங்கள். சில்வண்டு கத்திக்கொண்டே இருந்து சட்டென்று நின்றால் மலைக்காரருக்கு முதுகு சில்லிடும். அதை வாங்கிய ஓசைத் தொகுப்பில் தேட முடியாது.

தணிக்கைச் சான்றிதழைப் பற்றித் திரைக்கதை எழுதும்போதே யோசியுங்கள். ‘ஏ’ வாங்கினால் தொலைக்காட்சிக்குப் போகாது. இப்போது யூஏ பிரிவு 7+, 13+, 16+ என மூன்றாக இருக்கிறது. எந்தக் காட்சி எந்தப் பக்கம் தள்ளும் என்று எழுதுபவருக்குச் சொல்லிவிட்டு, முடிவை அவரிடமே விடுங்கள். விண்ணப்பிக்கப் பட்டறைகளும், படத் திட்டங்களுக்குப் பணம் தேடும் சந்தைகளும் உண்டு: தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் திரைக்கதைப் பட்டறை, தென்கொரியாவின் புச்சோன் விழாவில் ஆசிய திகில், கற்பனைப் படத் திட்டங்களுக்கென நடக்கும் சந்தை. அங்கே போகும்போது ‘ஹாலிவுட் படம் ஒன்றின் தமிழ் வடிவம்’ என்று உங்கள் ஆளை அறிமுகப்படுத்தாதீர்கள்.

படத்தொகுப்பை முடித்துப் பூட்டுவதற்கு முன், மாற்ற இன்னும் இரண்டு வாரம் இருக்கும்போதே, லைன் வீட்டுச் சுவரில் வெள்ளை வேட்டி கட்டிக் காட்டுங்கள். கூட்டம் இருட்டில் வீடு திரும்ப வேண்டியிருக்கும், அதனால் மாலை 6 மணிக்கே தொடங்கி 8 மணிக்குள் முடித்து, தூரத்து வீட்டுக்காரர்களை ஜீப்பில் ஏற்றி அனுப்புங்கள். திரையைப் பார்க்காமல் பார்ப்பவர்களைப் பாருங்கள். எடை போடும் காட்சியில் எந்தக் கூடையை இறக்கும்போது அவர்கள் பேச்சு நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கூடையைத் தலையிலிருந்து இறக்கும் விதம் தப்பு என்று ஒரு அக்கா சொன்னால், அந்தக் காட்சியை அடுத்த நாளே மறுபடி எடுங்கள்.