‘ஃப்ளை அவே ஹோம்’ படத்தைப் பிள்ளைகளோடு பார்ப்பது எப்படி?

1996இல் வந்த இந்தப் படத்தை ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினால், தொடக்கத்தில் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். முதலிலேயே கார் விபத்து. கதையின் நாயகியான சிறுமி ஏமியின் அம்மா இறந்துவிடுகிறார். “அம்மா செத்துட்டாங்களா?” என்று என் அக்கா மகள் கேட்டாள். ஆமாம் என்றே சொல்லிவிடுங்கள். அது தெரிந்தால்தான், பின்னால் தாயில்லாத வாத்து முட்டைகளை ஏமி ஏன் அப்படிப் பொத்திப் பாதுகாக்கிறாள் என்று பிள்ளைகளுக்குப் பிடிபடும்.

நியூசிலாந்திலிருந்து கனடாவின் ஒண்டாரியோவுக்கு, அதிகம் பழகாத அப்பாவிடம் வருகிறாள் ஏமி. புல்டோசர் அழித்த இடத்தில் கிடைத்த முட்டைகளை இழுப்பறையில் வைத்து, பல்பு வெளிச்சத்தில் சூடேற்றுகிறாள். குஞ்சுகள் பொரிந்ததும் படத்தை நிறுத்துங்கள். நிறுத்தி விளக்க வேண்டிய ஒரே இடம் இதுதான். கண் திறந்ததும் முதலில் எது நடமாடுகிறதோ அதையே தாயென்று நம்பிப் பின்னால் போவது வாத்துக்குஞ்சுகளின் இயல்பு. இதை விரிவாக ஆராய்ந்தவர் கொன்ராட் லோரன்ஸ், 1973இல் நோபல் பரிசு பெற்றவர்.

அப்புறம், வளர்ப்பு வாத்துகள் பறக்காதபடி சிறகை முடக்க வேண்டும் என்று அதிகாரி ஒருவர் வருவார். பிள்ளைகளுக்குக் கோபம் வரும், வரட்டும். ஆனால் இதையும் சொல்லுங்கள்: குளிர்காலத்தில் தெற்கே போகும் பாதையைக் கனடா வாத்துகள் பெரியவற்றோடு பறந்துதான் கற்கின்றன. வழிகாட்ட ஆளில்லாத குஞ்சுகளுக்கு ஆபத்து உண்மையானது. அதனால்தான் அப்பா சிறு விமானத்தில் கிளம்புகிறார். குஞ்சுகளோ ஏமியைத் தவிர யார் பின்னாலும் வர மறுக்கின்றன. ஆகவே அவளே ஓட்டக் கற்க வேண்டியதாகிறது.

பறக்கத் தொடங்கியதும் நீங்கள் பேசக் கூடாது. கேலப் டெஷனல் ஒளிப்பதிவு. வாத்துகள் இறக்கையை ஒட்டிப் பறப்பதைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும், கைப்பேசியில் வேண்டாம்.

படம் முடிந்ததும், இந்தப் படத்துக்குத் தூண்டுதலான பில் லிஷ்மனின் உண்மைக் கதையைச் சொல்லுங்கள். ஒண்டாரியோவின் சிற்பி. 1993இல் அவரும் அவருடைய கூட்டாளி ஜோ டஃப்பும் சிறு விமானங்களில் பறந்து, 18 வாத்துகளை வர்ஜீனியாவுக்கு அழைத்துப் போனார்கள். அடுத்த வசந்தத்தில் பல தாமாகவே திரும்பின.

அன்றைக்கே “நாமும் குஞ்சு வளர்க்கலாமா?” என்ற கேள்வி வரும். இறகு முளைத்த குஞ்சு கீழே கிடந்தால் பெரும்பாலும் தாய்ப்பறவை பக்கத்தில்தான் இருக்கும். பூனைக்கு எட்டாத புதர்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு எடுத்து வர வேண்டாம்.