தாய் சி பழகுபவர்களுக்கு: முழங்கால் வலிக்காமல் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடை மாற்றுவது எப்படி?

தாய் சி என்ற சீனத் தற்காப்புக் கலையை ஆரம்பித்த ஆறாவது வாரம் எனக்கு வலது முழங்காலின் உட்பக்கம் வலிக்கத் தொடங்கியது. இவ்வளவு மெதுவாகச் செய்யும் பயிற்சியில் எங்கே அடிபடுகிறது என்று இரண்டு மாதம் புரியவே இல்லை. காரணம் பிடிபட்டபோது வலியும் போனது, 'சக்தி ஓட்டம்' என்று சொல்கிறார்களே, அதுவும் உடம்புக்குப் புரிந்தது.

நான் பழகுவது 24 அசைவுத் தொகுப்பு. தாய் சியின் பாணிகளில் ஒன்றான யாங் பாணியைச் சுருக்கி 1956-இல் சீன அரசின் விளையாட்டுத் துறை உருவாக்கியது. அசைவுகளின் வரிசை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: நிற்பது

பாதங்கள் தோள் அகலத்தில், முழங்கால் லேசாக மடங்கி, உச்சந்தலை மேலே இழுபட்டபடி ஐந்து நிமிடம் நில்லுங்கள். இப்படித் தளர்ந்திருப்பதைச் சீனத்தில் 'சுங்' என்பார்கள். தளர்வு என்றால் தொய்வு இல்லை. கொடியில் காயும் சட்டையைப் பாருங்கள்: மேலே கிளிப் பிடித்திருக்கிறது, மீதியெல்லாம் தன் எடையில் தொங்குகிறது. அப்படி.

படி 2: நிறைவும் வெறுமையும்

யாங் பாணியின் ஆசான் யாங் செங்ஃபூ (1883–1936) சொல்லிவைத்த பத்து விதிகளில் நான்காவது, எந்தக் கால் நிறைந்திருக்கிறது, எது காலியாக இருக்கிறது என்று பிரித்தறிவது. எடை பார்க்கும் மெஷின் இரண்டு கிடைத்தால் காலுக்கு ஒன்றாக வைத்து ஏறி நில்லுங்கள். 60 கிலோ இருப்பவர் எடை முழுவதையும் ஒரு காலுக்குக் கொண்டுபோனால் மற்ற மெஷின் 0 காட்ட வேண்டும். 'மாற்றிவிட்டேன்' என்று நான் நினைத்த நேரத்தில் 11 கிலோ மிச்சம் இருந்தது.

படி 3: பாதத்தைத் திருப்புவது

வலி வந்தது இங்கேதான். 'காட்டுக் குதிரையின் பிடரியைப் பிரித்தல்' அசைவில் அடுத்த அடி வைக்குமுன் முன்காலின் பாதத்தை வெளிப்பக்கம் சுமார் 45 டிகிரி திருப்ப வேண்டும். நான் எடை முழுவதையும் முன்காலில் வைத்துக்கொண்டே திருப்பினேன். பாதம் தரையில் ஒட்டிக்கொண்டிருக்கும், மேலே இடுப்பு திரும்பும். நடுவில் மாட்டுவது முழங்கால். அது கதவுக் கீல் மாதிரி. மடங்கும், நீளும், முறுக்கினால் தாங்காது.

சரியான வரிசை இது. முதலில் பின்காலில் உட்காருங்கள். முன்காலின் விரல்கள் தானாக எழும்பும். இப்போது இடுப்பைத் திருப்புங்கள். குதிகாலை அச்சாக வைத்துப் பாதம் கூடவே வரும். பாதத்தைப் படிய வைத்த பிறகுதான் எடையை முன்னே கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் குனியாமல் கண்ணை மட்டும் தாழ்த்திப் பாருங்கள்: முழங்காலும் கால்விரலும் ஒரே திசையைக் காட்டுகின்றனவா?

சில ஆசிரியர்கள் எடையை வைத்தபடியே திருப்பக் கற்றுத்தருவார்கள். இடுப்பு நன்றாகத் திறந்து பழகியவர்களுக்கு அது சரி, தொடக்கத்தில் வேண்டாம். வலியோடு வீக்கமும் இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

படி 4: விசை எங்கிருந்து வருகிறது?

தாய் சியின் பழைய நூல்கள் சொல்வது: வேர் பாதத்தில், புறப்படுவது காலில், ஆள்வது இடுப்பு, வெளிப்படுவது விரலில். ஒரு கால் முன்னே வைத்துச் சுவரில் உள்ளங்கையை ஊன்றுங்கள். தோளால் தள்ளினால் தோள் தூக்கும், உடம்பு பின்னால் போகும். அப்புறம் தோளை இறக்கி, முழங்கையைக் கனமாக விட்டு, பின்பாதத்தால் தரையை அழுத்துங்கள். கை ஒன்றும் செய்யாமலே சுவரில் அழுத்தம் கூடும். இந்தப் பழக்கப்பட்ட விசைக்குப் பெயர் 'ஜின்'. பட்டுக்கூட்டிலிருந்து நூல் இழுப்பதுபோல அதைச் செலுத்தச் சொல்வார்கள்; வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும்.

ஒரு விஷயம்: தாய் சி என்ற பெயரில் உள்ள 'சி'க்கு உயிராற்றல் என்று பொருள் இல்லை. அது வேறு எழுத்து, 'உச்சம்', 'எல்லை' என்ற பொருளில் வருவது. ஆற்றலைக் குறிக்கும் 'சி' தனிச்சொல். தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுவதால் குழப்பம் வருகிறது. உங்கள் கையில் 'சி' ஓடுகிறதா என்று தேடுவதைவிடப் பாதம் தரையை அழுத்துகிறதா என்று பாருங்கள்.

ஓட்டத்துக்கான ஷூ வேண்டாம். அதன் தடித்த மெத்தையில் தரை தெரியாது, திரும்பும்போது பிடித்து இழுக்கும். தட்டையான கேன்வாஸ் போதும். கண்ணாடி முன் பழகுவதைவிட, போனை முழங்கால் உயரத்தில் வைத்து வீடியோ எடுப்பதே எனக்குப் பிடித்த முறை.

பின்சேர்க்கை: பின்காலில் உட்காரும்போது தள்ளாடுகிறது என்று மூன்று பேர் கமெண்டில் எழுதியிருந்தார்கள். ஒருவர் அனுப்பிய வீடியோவில் காரணம் தெரிந்தது: இரண்டு குதிகாலும் ஒரே கோட்டில், கயிற்றில் நடப்பதுபோல. இரண்டு தண்டவாளங்களில் காலுக்கு ஒன்றாக நடப்பதுபோல வையுங்கள். தரையில் இரண்டு டேப் ஒட்டி, நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டு, ஒரு வாரம் அதன்மேல் மட்டும் நடந்து பழகுங்கள். தொடை நடுங்குகிறது என்றவர்களுக்கு: இன்னும் நான்கு விரல் உயரமாக நில்லுங்கள்.