கிராஃப் அழகாக வந்தால் முதலில் சந்தேகப்படுங்கள்

தரமணியிலோ கிண்டியிலோ மின்வேதியியல் லேபில் சேரும் பலருக்கும் முதல் வேலை, தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கப் பிளாட்டினம் இல்லாத மலிவான வினையூக்கி ஒன்றைத் தேடுவது. அதைச் சோதிக்கும்போது மின்சுற்றை முடிக்கும் எதிர் எலக்ட்ரோடாகப் பிளாட்டினம் கம்பியையே மாட்டிவிடுகிறார்கள்! அமிலத்தில் அந்தக் கம்பி துளித்துளியாகக் கரைந்து, உங்கள் வினையூக்கியின் மேலேயே போய்ப் படியும். சோதனைச் சுழற்சிகள் ஏற ஏற கரண்டும் ஏறினால், மெட்டீரியல் தானாக மெருகேறுகிறது என்று எழுதிவிடாதீர்கள். கிராஃபைட் தண்டை வைத்து மறுபடி ஓட்டுங்கள். பாதிப் பேருடைய உற்சாகம் அங்கேயே இறங்கிவிடும்.

தண்ணீரிலிருந்து ஆக்சிஜன் வெளிவரும் பக்கத்தில் இதே வேலையை இரும்பு செய்யும். சாதாரண பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் இருக்கும் மிகச் சிறிய அளவு இரும்பே நிக்கல் வினையூக்கியின் வேகத்தைப் பல மடங்கு கூட்டிவிடும். எலக்ட்ரோலைட்டை, அதாவது அந்தக் கரைசலை, சுத்திகரிக்காமல் நிக்கலைப் புகழ்வதில் அர்த்தமில்லை.

நைட்ரஜனிலிருந்து அம்மோனியா எடுப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். உருவாகும் அளவு அவ்வளவு குறைவு. காற்று, மூச்சு, கையுறை, மெம்பிரேன், ஏன், சிலிண்டர் வாயுவில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகூட அதற்கு ஈடான அம்மோனியாவைக் காட்டிவிடும். ஆகவே அதே சோதனையை நைட்ரஜனே இல்லாத ஆர்கானிலும் செய்யுங்கள். மின்சாரம் தராமலும் ஒருமுறை பாருங்கள். அப்புறம் நைட்ரஜனின் கனமான ஐசோடோப்பான நைட்ரஜன்-15 வாயு; அம்மோனியாவிலும் அதுவே தெரிந்தால்தான் அது நீங்கள் கொடுத்த வாயுவிலிருந்து வந்தது. 2019இல் நேச்சர் இதழில் வந்த சோதனை நெறிமுறையும் இதைத்தான் வலியுறுத்தியது. நைட்ரஜன்-15 சிலிண்டரிலும் அம்மோனியா கலந்திருக்கலாம், வடிகட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

சென்னைக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. அளந்த மின்னழுத்தத்தை ஹைட்ரஜன் அளவுகோலுக்கு மாற்றும்போது போடும் ஒரு பிஎச்சுக்கு 0.0591 வோல்ட் என்ற கணக்கு 25 டிகிரிக்கு மட்டுமே. மே மாதம் ஏசி நின்று லேப் 32 டிகிரிக்குப் போனால் அது 0.0605 ஆகும், பிஎச் 14இல் வித்தியாசம் சுமார் 20 மில்லிவோல்ட். பத்து மில்லிவோல்ட் முன்னேற்றத்துக்கே பேப்பர் எழுதும் துறை இது! சூத்திரத்தை நம்பாமல், அதே எலக்ட்ரோலைட்டில் ஹைட்ரஜனைக் குமிழவிட்டு, பிளாட்டினம் கம்பியை வைத்து ரெஃபரன்ஸை, அதாவது மின்னழுத்தத்தை ஒப்பிட வைக்கும் எலக்ட்ரோடை, அளந்துகொள்ளுங்கள். பிளாட்டினத்துக்கு உரிய இடம் அதுதான். காரக் கரைசலில் வெள்ளி-வெள்ளி குளோரைடு ரெஃபரன்ஸ் வேண்டாம், பாதரச ஆக்சைடு சரி.