இதய ரத்தக்குழாய் தானாகக் கிழிந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

45 வயதுப் பெண். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, புகைப்பழக்கமும் இல்லை. நெஞ்சு இறுக்குகிறது என்று வருகிறார். ‘கேஸ்தான், டென்ஷன்தான்’ என்று மாத்திரை எழுதி அனுப்புவது முதல் தவறு. இதயத்துக்கு ரத்தம் தரும் கரோனரி தமனி தானாகக் கிழிவது பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களுக்குத்தான்; பாதிக்கப்படுபவர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பெண்கள். கர்ப்ப காலத்திலும் பிரசவத்தை ஒட்டியும் வரும் மாரடைப்புக்கு இதுவே முக்கியக் காரணம். எனவே குழந்தை பெற்ற சில வாரங்களில் நெஞ்சுவலி என்றால் அலுப்பு என்று விட்டுவிடக் கூடாது. முதல் இசிஜியும், இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தாலும், சில மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தாக வேண்டும்.

அடுத்த சறுக்கல் ஆஞ்சியோவில். கிழிசல் என்றால் குழாய்க்குள் ஒரு கீறல் தெரியும் என்று தேடுவார்கள். பல நேரம் அது இருக்காது. சுவரின் அடுக்குகளுக்கு நடுவே ரத்தம் தேங்கி, உள்வழியை நெருக்கும். படத்தில் நீளமாக, வழவழப்பாகக் குழாய் ஒடுங்கியிருக்கும், அவ்வளவுதான். பிறவியிலேயே சின்னக் குழாய் என்றோ கொழுப்பு அடைப்பு என்றோ கடந்துபோவது சுலபம். குழாயை விரிக்கும் நைட்ரோகிளிசரினைத் தமனிக்குள் கொடுத்தும் விரியவில்லை என்றால், குழாய் தற்காலிகமாகச் சுருங்கிய வெறும் இறுக்கம் அல்ல என்று சந்தேகம் வலுக்கும்.

சரி, கண்டுபிடித்தாயிற்று. உடனே ஸ்டென்ட் வைத்துவிடலாமே? வழக்கமான மாரடைப்பில் உயிர் காக்கும் அதே வேகம் இங்கே வினையாகலாம். ஸ்டென்ட்டுக்கு வழிகாட்டும் மெல்லிய கம்பி, குழாய்ச் சுவரின் தப்பான அடுக்குக்குள் நுழையலாம். பலூனை விரித்தால் தேங்கிய ரத்தம் இருபுறமும் பிதுங்கிக் கிழிசல் நீளும். ரத்த ஓட்டம் இருந்து, வலியும் அடங்கியிருந்தால் கை வைக்காமல் விடுவதே நல்லது. பெரும்பாலான கிழிசல்கள் சில வாரங்களில், மாதங்களில் தானே ஆறும். வலி விடவில்லை, பிரஷர் இறங்குகிறது, இடது பிரதான தமனியே கிழிந்திருக்கிறது என்றால் கதை வேறு: ஸ்டென்ட்டோ பைபாஸோ தேவைப்படலாம். கிழிசல்தான் என்று தெரிந்தபின் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவது சுவருக்குள் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

மறுநாளே வீட்டுக்கு அனுப்புவதும் சரியல்ல. முதல் சில நாட்களில்தான் கிழிசல் நீளும் ஆபத்து அதிகம்.

அப்புறம், இதயத்தோடு பரிசோதனையை நிறுத்திவிடுகிறார்கள். இவர்களில் பலருக்குத் தமனிச் சுவர் இயல்பு மாறி வளரும் கோளாறு (ஃபைப்ரோமஸ்குலர் டிஸ்பிளேசியா) கழுத்து, மூளை, சிறுநீரகத் தமனிகளிலும் இருக்கலாம். ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது அவசியம். கொலஸ்ட்ரால் கூடுதலாக இல்லாதவருக்கு வழக்கத்துக்காக, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை வேண்டியதில்லை. பிரஷர் கட்டுப்பாடும், இதயத் துடிப்பின் வேகத்தைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையும்தான் பெரிதும் பேசப்பட வேண்டியவை. மூச்சைப் பிடித்துக் கனம் தூக்க வேண்டாம். அதற்காகப் படுத்தே கிடக்கவும் வேண்டாம். மேற்பார்வையில் நடைப்பயிற்சி தொடங்கலாம். அடுத்த குழந்தை பற்றிய யோசனை இருந்தால், கருத்தரிக்கும் முன்பே இதய மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.