கையையும் சட்டையையும் பார்த்து ஆளைக் கணிக்கிறப்ப தவிர்க்க வேண்டிய தவறுகள்

முன்பின் தெரியாத ஒருத்தரோட கை, சட்டை, செருப்பு இதையெல்லாம் பார்த்து அவரைப் பத்தி எதையாவது கண்டுபிடிக்கிற பழக்கம் இருக்கே, அதுல புதுசா இறங்கறவங்க கூட உட்கார்ந்து பார்த்தா ஆள் மாறுது, தப்பு மட்டும் மாறவே மாட்டேங்குது. முறைச்சுப் பார்க்காதீங்க, மங்கின வெளிச்சத்துல கலரை நம்பாதீங்க மாதிரி விஷயமெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, அதை விட்டுடறேன்.

காய்ப்பைப் பார்த்ததும் தொழிலைச் சொல்றது

உள்ளங்கையில விரல் ஆரம்பிக்கிற இடத்துல வரிசையா காய்ச்சுப் போயிருந்தா உடனே "உடலுழைப்பு செய்யறவர்"னு நோட்ல எழுதிடறாங்க. அந்தக் காய்ப்பு சொல்றது இவ்வளவுதான்: இந்தக் கை உருண்டையான எதையோ இறுக்கிப் பிடிச்சு அடிக்கடி இழுக்குது, இல்ல தூக்குது. அது மண்வெட்டியா இருக்கலாம், படகுத் துடுப்பா இருக்கலாம், ஜிம்ல பார்பெல்லா இருக்கலாம். இதுல எது சகஜம்னு ஒரு நிமிஷம் யோசிங்க, துடுப்பு போடறவங்களை விட ஜிம்முக்குப் போறவங்க ரொம்ப அதிகம், அப்ப துடுப்புனு எழுதணும்னா இன்னொரு தடயமாவது கையில இருக்கணும்.

எந்த இடத்துல காய்ச்சிருக்குங்கறதுதான் பாதி விஷயம். இடது கை விரல் நுனி மட்டும் கெட்டியா இருந்து வலது கை நுனி சாதாரணமா இருந்தா கம்பி வாத்தியம்னு யோசிக்கலாம், கூடவே இடது தாடைக்குக் கீழ கழுத்துல கருப்பா தோல் தடிச்சிருந்தா வயலின் இல்ல வயோலா, அது இல்லாம வலது கை நகம் மட்டும் நீளமா பார்த்துப் பார்த்து வளர்த்திருந்தா விரலால மீட்டற கிட்டார். அப்பவும் "கிட்டார் வாசிக்கிறார்" வரைக்கும்தான் போகலாம். "இசைக்கலைஞர்"னு போனா அது உங்க கற்பனை, கையில அது எழுதியில்ல.

ஸ்காட்லாந்துல எடின்பரோ நகரத்துல ஜோசப் பெல்னு ஒரு சர்ஜன் இருந்தார் (1837–1911), இந்தக் கலைக்கே அவரைத்தான் பெரிய ஆளா சொல்வாங்க. ஒருத்தரோட ஆள்காட்டி விரல் ஓரத்துலயும் கட்டைவிரல் வெளிப்பக்கமும் தோல் தடிச்சிருக்கறதைப் பார்த்துட்டு, இவர் பாட்டில் அடைக்கிற கார்க் வெட்டறவரா, கூரைக்கு ஸ்லேட் கல் பதிக்கிறவரானு எனக்கு உறுதியா தெரியலைனு மாணவர்கள் முன்னாடியே சொன்னதா ஒரு கதை உண்டு. அவரே ரெண்டு விடையை வெச்சிருக்கார், நம்மாளுங்க ஒண்ணோட கடையைச் சாத்திடறாங்க.

சட்டை அவரோடதுதானானு கேட்காம விடறது

கை பொறந்ததுல இருந்து அவர் கூடவே இருக்கு. சட்டை அப்படி இல்ல, அண்ணன் போட்டதா இருக்கலாம், பழைய துணி விக்கிற இடத்துல வாங்கினதா இருக்கலாம், காலையில அவசரத்துக்கு நண்பன்கிட்ட வாங்கிப் போட்டதா இருக்கலாம். பெல்ட்ல ஒரு ஓட்டை இழுபட்டு நீண்டு போயிருக்கு, ஆனா இப்ப அதுக்கு உள்ள இருக்கற ஓட்டையில மாட்டியிருக்கார்னா "சமீபத்துல இளைச்சிருக்கார்"னு எழுதத் தோணும், நல்ல கவனிப்புதான், ஆனா அந்தப் பெல்ட் முன்னாடி வேற ஒரு இடுப்புல இருந்திருந்தா மொத்தமும் காலி. அதனால முதல்ல சட்டையோட தோள்பட்டைத் தையல் அவரோட தோள்லயே உட்காருதா, பேன்ட் மடிப்பைப் பிரிச்ச கோடு ஏதாவது தெரியுதானு பாருங்க, அப்புறம் மத்ததெல்லாம்.

முழங்கைகிட்ட துணி பளபளனு இருந்தா மேஜை வேலைனு ஒரு பாடம் ஊர் பூரா சுத்துது. தப்பில்ல. ஆனா தையல் மேடு மேல, பாக்கெட் விளிம்புல எல்லாம் அதே பளபளப்பு இருந்தா அது சூடு அதிகமா வெச்சு அயர்ன் பண்ணினது, மேஜைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

தலையாட்டலுக்கு மார்க் போட்டுக்கறது

எனக்கு இன்னிக்கும் எரிச்சல் வர்ற தப்பு இதுதான்.

ஒரு தடவை பயிற்சிக்கு வந்த பையன் ஒருத்தன், ரயில் பெஞ்சுல எதிர்ல உட்கார்ந்திருந்த பெரியவரோட நகக்கண்ணுல கருப்பு படிஞ்சிருக்கறதைப் பார்த்துட்டு, "ஐயா, நீங்க மெக்கானிக்தானே?"னு நேராவே கேட்டுட்டான். அவரும் சிரிச்சுக்கிட்டே "ஆமா தம்பி, ஆமா"ன்னார். பையனுக்குத் தலைகால் புரியல, நோட்ல பெருசா டிக் போட்டுக்கிட்டான். நான் சும்மா இருக்க மாட்டாம, "கையில என்னங்கய்யா கருப்பு?"னு கேட்டேன். காலையில பேத்தியோட சைக்கிள் செயின் கழண்டு போச்சாம், மாட்டிவிட்டிருக்கார். மனுஷன் கணக்கு வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவர். அப்புறம் ஏன் ஆமான்னீங்கனு கேட்டா, "ஆசையா கேட்டான், இல்லைனு சொல்ல மனசு வரல"ங்கறார்.

இங்க நடந்த நஷ்டம் என்னன்னு பாருங்க. ஒரு கணிப்பு தப்பாப் போனா அன்னிக்கு ஒரு நாளோட போச்சு. தப்பான கணிப்புக்கு டிக் விழுந்தா அது விதியா மாறிடும், நகக்கண் கருப்புன்னா மெக்கானிக்னு அவன் அடுத்த நூறு பேர் மேலயும் அதைத்தான் போட்டுப் பார்ப்பான், அதுல பாதிப் பேர் மரியாதைக்கு இன்னொரு தலையாட்டல் தருவாங்க, விதி இன்னும் இறுகும். நாள் ஆக ஆகத் திறமை வளர்றதா அவனுக்குத் தோணும், நிஜத்துல வளர்றது தைரியம் மட்டும்தான்.

பொதுவா சொல்ற விஷயத்துல இது இன்னும் மோசம். "நீங்க கொஞ்சம் கூச்ச சுபாவம், ஆனா பழகிட்டா நல்லா பேசுவீங்க"னு சட்டை பட்டனைப் பார்த்துச் சொன்னா யார்தான் இல்லைம்பாங்க? 1948-ல பெர்ட்ரம் ஃபோரர்னு ஒரு உளவியல் பேராசிரியர் தன் வகுப்புல 39 மாணவர்களுக்கு டெஸ்ட் வெச்சு, இது உனக்கே உனக்கான குண விவரம்னு ஆளுக்கொரு தாள் குடுத்தார். எல்லார் தாள்லயும் ஒரே வாசகம், கடையில விக்கிற ஜோசியப் புத்தகத்துல இருந்து பொறுக்கினது. எவ்வளவு பொருந்துதுனு 5-க்கு மார்க் போடச் சொன்னா சராசரி 4.26 வந்துது. ஆக அந்தத் தலையாட்டலுக்கு என்ன மதிப்புனு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

அதனால நான் இப்ப கேட்கச் சொல்றது வேற மாதிரி. வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி கணிப்பை எழுதி வெச்சுடணும், தப்புனு நிரூபிக்க முடியற மாதிரி எழுதணும், "வண்டி சம்பந்தமா ஏதோ" மாதிரி வழவழா கொழகொழா கூடாது. அப்புறம் விடையைக் கேள்விக்குள்ள வைக்காம கேட்கணும், "கையில என்ன ஆச்சு?"ங்கறது போதும். நீங்கதானே, இருப்பீங்களே, சரிதானேனு முடியற எந்தக் கேள்விக்கும் டிக் கிடையாது. தப்பானதையும் அதே நோட்ல அதே பக்கத்துல எழுதணும், தனியா எழுதினா திரும்பிப் பார்க்கவே மாட்டீங்க. பெல் பத்தின கதையெல்லாம் அவர் மாணவர்களும் பத்திரிகைகளும் சொல்லித்தான் நமக்கு வந்து சேர்ந்துது, ஜெயிச்சதைத்தான் யாரும் சொல்வாங்க, சறுக்கினது எத்தனைனு அதுல இருக்காது. உங்க நோட்ல அது இருக்கணும்.

தேதி போடாம விடறது

தடயம் எப்போதையதுனு யோசிக்கவே மாட்டாங்க. கைவிரல் நகம் மாசத்துக்கு சுமார் 3 மில்லிமீட்டர் வளரும், முழு நகம் மாற ஆறு மாசம்கிட்ட ஆகும். நெயில் பாலிஷுக்கும் நக அடிக்கும் நடுவுல 3 மில்லிமீட்டர் இடைவெளினா போட்டு ஒரு மாசம் இருக்கும், கதவுல நசுங்கி ரத்தம் கட்டின கருப்பு நகத்துல பாதி தூரம் ஏறியிருந்தா அடிபட்டு ரெண்டு மூணு மாசம். காய்ப்பு அப்படி இல்ல, வேலையை விட்டா சில வாரத்துல மெத்துனு ஆக ஆரம்பிக்கும், அதனால காய்ப்பு இல்லைங்கறதை வெச்சு "இவர் எப்பவுமே கிட்டார் தொட்டதில்ல"னு எழுதறது சுத்த அபத்தம்.

மோதிரம்

கல்யாணம் ஆச்சுன்னும் எழுதாதீங்க, ஆகலைன்னும் எழுதாதீங்க.

எந்தக் கைப் பழக்கம்

வாட்ச் இடது கையில இருந்தா வலது கைக்காரர்னு ஒரே தடயத்துல முடிக்காதீங்க. உள்ளங்கையோட சுண்டுவிரல் பக்க ஓரத்துல மை படிஞ்சிருக்கா (இடது கையால எழுதறவங்களுக்கு எழுதினது மேலயே கை உரசும்), நடுவிரல் கடைசி மூட்டுகிட்ட பேனா மேடு எந்தக் கையில இருக்குனு பாருங்க. மை விஷயத்துல ஒரு சிக்கல், பென்சில்ல ஷேடிங் போடற வலது கைக்காரருக்கும் அதே ஓரம் கருக்கும்.

வியாதி சொல்றது

வேண்டாம். விரல் நுனி நகத்தோட உருண்டு புடைச்சிருக்கறது நுரையீரல், இதயக் கோளாறுல வரும், பரம்பரையா ஒரு கோளாறும் இல்லாதவங்களுக்கும் வரும். டாக்டரா இல்லாத நீங்க ரயில்ல அதைச் சொல்லி ஒருத்தரோட தூக்கத்தைக் கெடுக்காதீங்க.

ஷூ தேய்மானம்

குதிகால் வெளி ஓரம் தேய்ஞ்சிருக்கறது பெரும்பாலானவங்களுக்கு அப்படித்தான் இருக்கும், அதை ஒரு கண்டுபிடிப்பா எழுதாதீங்க. இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் இருந்தா மட்டும் எழுதுங்க, ஜோடி ரெண்டும் ஒரே நாள்ல வாங்கினதுதானானு பார்த்துட்டு.