கொழும்புப் புழுக்கத்தில் நீள் ஓட்டம்: வேகமும் வயிறும்

மரதன் பயிற்சியில் 25 கிலோமீற்றரைத் தாண்டியதும் கால் கனத்து நின்றுபோகிறதா? பெரும்பாலும் கோளாறு காலில் இல்லை. முதல் 8 கிலோமீற்றரை என்ன வேகத்தில் ஓடினீர்கள், அதற்குள் என்ன உண்டீர்கள் என்பதில்தான் இருக்கிறது. தசையிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கும் மாச்சத்துச் சேமிப்பான கிளைக்கோஜன், ஓரளவு விரைவான ஓட்டத்துக்கு ஏறக்குறைய 2 மணித்தியாலம் தாங்கும். வேகம் கூடக் கூட உடல் கொழுப்பை விட்டுவிட்டு இதையே அதிகமாக எரிக்கும். வயிற்றுக்குப் போகும் இரத்தமும் குறைவதால் சாப்பிட்டதும் செரிக்காது. செலவு கூடும் நேரத்திலேயே வரவும் அடைபடுகிறது.

4 மணித்தியாலத்தில் மரதன் முடிக்க நினைப்பவரின் போட்டி வேகம் கிலோமீற்றருக்கு 5 நிமிடம் 41 விநாடி. நீள் ஓட்டத்துக்குக் கிலோமீற்றருக்கு 6 நிமிடம் 30 விநாடி முதல் 7 நிமிடம் வரை போதும். முதல் 5 கிலோமீற்றர் அதிலும் மெதுவாக. விடிகாலையிலும் கொழும்புக் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாமல் வழிகிறது. காயாத வியர்வை உடலைக் குளிர்விக்காது. இதயம் தோலுக்கும் இரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் அதே வேகத்திலும் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். ஆகவே கடிகாரத்தைவிட மூச்சை நம்புங்கள்: முழு வசனம் பேச முடியாவிட்டால் கிலோமீற்றருக்கு 20 விநாடி கூடுதலாக எடுத்து மெதுவாக ஓடுங்கள், அல்லது ஒரு நிமிடம் நடங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கடைசி 6 கிலோமீற்றரைப் போட்டி வேகத்தில் ஓடலாம், அதுவும் அதுவரை மூச்சு இலேசாக இருந்தால் மட்டும்.

வெள்ளவத்தையிலிருந்து ஓடுபவர்கள் நாலே முக்காலுக்குப் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் காலிமுகத்திடலை முடித்துவிடுங்கள். அங்கே ஒதுங்க நிழல் இல்லை. திரும்பும்போது மெரைன் டிரைவின் கிழக்குப் பக்கக் கட்டடங்கள் இளவெயிலைக் கொஞ்சநேரம் மறைக்கும்.

முதல்நாள் இரவு வெள்ளைச் சோறோ இடியப்பமோ நல்லது. தேங்காய்ப்பால் கூடிய சொதி, பொரியல், கீரை எல்லாம் மறுநாளைக்கு. புறப்பட ஒரு மணித்தியாலம் முன் ஜாம் பூசிய 2 துண்டு பாண், ஒரு கதலிப்பழம், சீனி போட்ட பிளேன் டீ.

ஓடும்போது மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து தேவை. பசிக்கும்வரை காத்திருக்காமல் 35ஆவது நிமிடத்திலேயே தொடங்கி, பிறகு 25 நிமிடத்துக்கு ஒருமுறை எடுங்கள். கடையில் வாங்கும் ஜெல் (ஓடும்போது விழுங்கும் இனிப்புக் கூழ்) ஒன்றில் பெரும்பாலும் 20 முதல் 25 கிராம் இருக்கும். வீட்டிலேயே செய்யலாம்: 750 மில்லிலீற்றர் தண்ணீரில் தட்டையாக மூன்றரை மேசைக்கரண்டி சீனி, கால் தேக்கரண்டி உப்பு, அரைத் தேசிக்காய்ச் சாறு. சீனி ஏறக்குறைய 45 கிராம், உப்பிலிருந்து வரும் சோடியம் 600 மில்லிகிராம் அளவில். மணிக்கு 600 மில்லி குடித்தால் 36 கிராம் கிடைக்கும். குறைக்குச் சிறிய பேரீச்சம்பழம் இரண்டு.

இதைவிட இனிப்பாகக் கரைத்தால் வயிற்றில் தங்கிப் புரட்டும். ஜெல்லை இந்தப் பானத்தோடு எடுப்பவர்களுக்கும் அதே கதிதான். ஜெல்லுக்கு வெறும் தண்ணீர். ஜீவனி போன்ற உப்புக் கரைசலை மட்டும் நம்பி ஓடுவதும் நடக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி ஒரு லீற்றரில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான் உண்டு. உப்புக்கு அது சரி, ஓட்டத்துக்கான எரிபொருளுக்குக் காணாது. வயிற்றையும் பழக்கவேண்டும்: 16 கிலோமீற்றர் ஓட்டங்களில் மணிக்கு 30 கிராமில் தொடங்கி வாரம் 10 கிராம் கூட்டுங்கள்.

எவ்வளவு குடிப்பது என்பதைத் தராசு சொல்லும். ஓடுமுன் 62.0 கிலோ, 2 மணித்தியாலம் ஓடி 800 மில்லி குடித்தபின் 60.6 கிலோ என்றால் வியர்வை 2.2 லீற்றர், அதாவது மணிக்கு 1.1. அத்தனையையும் ஓடும்போதே நிரப்பத் தேவையில்லை. இழப்பு உடல் எடையில் 2 சதவீதத்தை ஒட்டி நின்றால் போதும். எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்துவிட்டீர்கள். இரத்தத்தில் சோடியம் நீர்த்துத் தலையிடி, வாந்தி, தடுமாற்றம் வரலாம். அவை வந்தால் தண்ணீரை நிறுத்தி உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். நோ மறைய ஐபுபுரோபன் விழுங்கிவிட்டு ஓடுவதும் சிறுநீரகத்துக்குக் கூடாது.

செவ்விளநீர் ஓடி முடித்தபிறகு நல்லது. அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடித்து, ஒரு மணித்தியாலத்துக்குள் சோறு, பருப்பு, முட்டை.