கல்யாண வீடியோவில் சினிமாப் பாட்டு: எங்கே சறுக்குகிறோம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பக்கம் கல்யாணம், காவடி, அரங்கேற்றம் என்று வீடியோ எடுத்துத் தருபவர்களுக்குக் குறைவில்லை. எடுக்கும்போது பிரச்சினை இல்லை. எடிட்டிங்கில் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டு யூடியூபில் ஏற்றும்போதுதான் தலைவலி.

ஒரு பாட்டுக்கு ஒரே சொந்தக்காரர்தான் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. மெட்டும் வரிகளும் ஒரு உரிமை; அதைப் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு இன்னொரு உரிமை. வீடியோவில் சேர்க்க இரண்டுக்கும் அனுமதி வேண்டும். ஒலிப்பதிவு பெரும்பாலும் இந்திய ஆடியோ நிறுவனத்திடம் இருக்கும்; மெட்டும் அங்கேதான் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. இளையராஜா பாடல்களின் உரிமை பற்றி சென்னை உயர்நீதிமன்றத்தில் நடந்த வழக்குகளைப் பார்த்தாலே தெரியும். அதனால் நிறுவனம் ‘சரி’ என்றால், எந்த உரிமைக்குச் சரி என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

“மண்டபத்தில் சாம்ரோ (தென்னாப்பிரிக்க இசை உரிமை அமைப்பு) லைசென்ஸ் இருக்கிறதே” என்பார்கள். அது மண்டபத்தில் பாட்டு ஒலிப்பதற்கு. பாட்டைப் படத்தோடு இணைக்கும் ‘சிங்க்’ அனுமதி வேறு. மாதாமாதம் ஸ்பாட்டிஃபைக்குக் கட்டுவதும் காதால் கேட்பதற்கு மட்டும்தான்.

‘30 விநாடிக்குள் போட்டால் பரவாயில்லை’ என்பது வெறும் கட்டுக்கதை. தென்னாப்பிரிக்காவின் 1978-ஆம் வருடக் காப்புரிமைச் சட்டத்தில் அப்படி விநாடிக் கணக்கு கிடையாது. ‘உரிமை மீறும் நோக்கமில்லை’ என்று வீடியோவுக்குக் கீழே எழுதினாலும் எழுதாவிட்டாலும் ஒன்றுதான்.

பக்திப் பாட்டில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். 15-ஆம் நூற்றாண்டு அருணகிரிநாதரின் திருப்புகழுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் அதை ஒரு பாடகர் பாடி வெளியிட்ட பதிவுக்கு உரிமை உண்டு. வெளியான பிறகு தென்னாப்பிரிக்காவில் 50 வருடம், இந்தியாவில் 60 வருடம். புதிதாக மெட்டு போட்டிருந்தால் அந்த மெட்டுக்கும் உண்டு. கோவில் பஜனைக் குழுவையே பழைய மெட்டில் பாட வைத்துப் பதிவு செய்வதுதான் எனக்குப் பிடித்த வழி. பாடியவர்களிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், பிற்பாடு மனஸ்தாபம் வராது. காவடி நாளில் ஒலிபெருக்கியில் ஓடும் சினிமாப் பாட்டும் உங்கள் மைக்கில் ஏறும்; யூடியூபின் தானியங்கிச் சோதனை அதையும் பிடித்துவிடும். உறுமி, தவில் சத்தத்தைப் பக்கத்தில் நின்று தனியாகப் பதிவு செய்து வைத்தால் எடிட்டிங்கில் கை கொடுக்கும்.

‘இலவச இசை’ என்று கண்டாலும் நிபந்தனையைப் படியுங்கள். நிபந்தனையோடு இலவசமாகப் பயன்படுத்த விடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் ‘மாற்றம் கூடாது’ என்ற வகை இசையை வீடியோவில் சேர்க்க முடியாது. படத்தோடு இணைப்பதையே அந்த உரிமம் மாற்றமாகக் கணக்கிடுகிறது. ‘வணிகத்துக்கு அல்ல’ என்றிருந்தால் காசு வாங்கி எடுக்கும் கல்யாண வீடியோவுக்கு அது வேண்டாம்.

யூடியூபில் ‘கிளெய்ம்’ (உரிமை கோரல்) வேறு, ‘ஸ்ட்ரைக்’ (உரிமை மீறலுக்கான எச்சரிக்கை) வேறு. கிளெய்ம் வந்தால் பெரும்பாலும் விளம்பரப் பணம் உரிமையாளருக்குப் போகும், அல்லது சில நாடுகளில் வீடியோ தெரியாது. மணப்பெண்ணின் சென்னைச் சித்தியால் பார்க்க முடியவில்லை என்றால் திட்டு உங்களுக்குத்தான். ஸ்ட்ரைக் 90 நாளுக்குள் மூன்று வந்தால் யூடியூப் உங்கள் சேனலையே மூடிவிடலாம்.

அனுமதியை எடிட்டிங்குக்கு முன்பே கேளுங்கள். எந்தப் பாட்டு, எத்தனை விநாடி, எங்கே காட்டுவீர்கள், எந்தெந்த நாட்டில், எத்தனை வருடம் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். யூடியூபுக்கு மட்டும் வாங்கிவிட்டு அதே வீடியோவை அப்புறம் டிவிக்குக் கொடுத்தால், திரும்பவும் முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்கும்.